குதிரை கனைக்கும்... அவ்வளவுதானா?

போன மாதம் நான் போகும் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். பி.காம். மூன்றாம் ஆண்டு என்றால் பாதி வகுப்பு இப்படி ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில்தான் மாலை நேரத்தைக் கழிக்கும். அதில் நானும் ஒருத்தி.

ஆங்கிலப் பகுதியில் ஒரு கேள்வி. சிங்கத்தின் சத்தம் 'ரோர்' என்றால் குதிரையின் சத்தம் என்ன? கொடுத்திருந்த நான்கு விடைகளில் 'நே' இருந்தது. கூடவே 'வின்னி'யும் இருந்தது. இரண்டுமே குதிரை போடும் சத்தம்தான். நான் 'வின்னி'யைக் குறித்துவிட்டு வந்தேன். தவறு என்று அடித்து, கால் மதிப்பெண்ணையும் கழித்துக்கொண்டார்கள்.

"சார், வின்னியும் சரிதானே?" என்று கேட்டேன்.

"புக்ல நேன்னுதாம்மா போட்டிருக்கு. குதிரைகிட்டயா போய்க் கேட்டுட்டு வர முடியும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. குதிரையிடம் கேட்க முடியாது, சரி. குதிரையோடு வாழ்ந்தவர்களிடம் கேட்கலாமே? அவர்கள்தானே இந்த வார்த்தைகளை எல்லாம் உண்டாக்கியவர்கள்?

கால் மதிப்பெண் போன கடுப்பில் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, அது கால் மதிப்பெண் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் வார்த்தைகளைப் பார்த்துவிடுவோம்.

நே. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'நெய்' என்று வரும். பத்தாம் வகுப்பு வரை நான் நெய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். (குதிரைக்கும் நெய்க்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மனப்பாடம் என்றால் அப்படித்தான்!) ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல் இது. குதிரை தலையைத் தூக்கி உரக்கப் போடும் சத்தத்துக்குப் பொதுப்பெயர்.

வின்னி. 16ஆம் நூற்றாண்டுவாக்கில் எழுத்தில் தென்படும் சொல். உச்சத்தில் தொடங்கி நடுங்கிக்கொண்டே கீழே இறங்கும் நீளமான குரல். கூட்டத்தை விட்டுப் பிரிந்த குதிரை, 'எங்கே இருக்கிறீர்கள்? நான் இங்கே இருக்கிறேன்' என்று கூப்பிடுவது. நேவும் வின்னியும் ஒன்றேதான் என்று சொல்பவர்கள் உண்டு. நே கொஞ்சம் கம்பீரம், வின்னி கொஞ்சம் மென்மை என்று பிரிப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் என் விடை தவறில்லை!

நிக்கர். நமக்கு நிக்கர் என்றால் பையன்கள் போடும் அரைக்கால் சட்டை. ஆனால் வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பக்கங்களில் இது குதிரைச் சத்தத்தின் பெயர். வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே அதிர்கிற தாழ்ந்த குரல். மூன்று சந்தர்ப்பங்களில் இது கேட்கும். தீவன வாளியோடு ஆள் வருவதைப் பார்த்தால், ஆண்குதிரை பெண்குதிரையை நெருங்கும்போது, தாய்க்குதிரை தன் குட்டியைக் கூப்பிடும்போது. பக்கத்தில் இருப்பவர்களுக்கான குரல் இது. வின்னி தூரத்தில் இருப்பவர்களுக்கு.

ஸ்னார்ட். மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளி, மூக்குத் துளைகள் படபடக்க எழும் சத்தம்.

ப்ளோ. இதுவும் மூக்கு வழிக் காற்றுதான். ஆனால் படபடப்பு இருக்காது. ஒரே மூச்சாகப் 'புஸ்' என்று வரும். எதையோ கண்டு மிரண்டு, காதை விறைத்துக்கொண்டு நிற்கும்போது வருவது.

ஸ்க்வீல். குட்டையான கீச்சுக் குரல். அறிமுகம் இல்லாத இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்க்கும்போதும், ஆண்குதிரையைப் பெண்குதிரை 'கிட்டே வராதே' என்று விரட்டும்போதும் கேட்பது.

இவை போக முனகல், பெருமூச்சு, அலறல் எல்லாம் தனி. ஒரு விலங்குக்கு எதற்கு இத்தனை வார்த்தை?

*

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று, "பார்த்தியா, ஆங்கிலம் எவ்வளவு வளமான மொழி! தமிழில் 'கனைத்தல்' ஒன்றுதான் இருக்கு" என்பது. இன்னொன்று, "தமிழில் இல்லாததா? யானை பிளிறும், மயில் அகவும், காகம் கரையும், வண்டு முரலும்... ஆங்கிலத்தில் இருக்கா?" என்று திருப்பி அடிப்பது.

இரண்டும் வெட்டிச் சண்டை என்பது என் கருத்து. காரணத்தை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். அதாவது கணக்குப்பதிவியல்.

ஒரு கடையில் பேரேடு எழுதும்போது எல்லாச் செலவுக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு திறக்க மாட்டோம். அடிக்கடி நடக்கிற, பணம் புரள்கிற விஷயத்துக்குத்தான் தனிக் கணக்கு. எப்போதோ வருவதையெல்லாம் 'இதர செலவுகள்' என்று ஒரே பக்கத்தில் போட்டு மூடிவிடுவோம். லாரி வைத்துத் தொழில் செய்கிறவரின் பேரேட்டில் டீசலுக்குத் தனி, டயருக்குத் தனி, சுங்கத்துக்குத் தனி, டிரைவர் படிக்குத் தனி என்று இருக்கும். மளிகைக் கடைக்காரர் இதையெல்லாம் 'வண்டிச் செலவு' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார். லாரிக்காரர் புத்திசாலி, மளிகைக்காரர் மக்கு என்று அதற்குப் பொருளா? இல்லை. கொடுக்கல் வாங்கல் எங்கே அதிகமோ அங்கே தலைப்பு அதிகம். அவ்வளவுதான்.

மொழியும் அப்படித்தான். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஏர் இழுத்தது குதிரை, பாரம் சுமந்தது குதிரை, தபால் வண்டி, பயணிகள் வண்டி, சுரங்கத்தில் நிலக்கரி வண்டி எல்லாவற்றையும் இழுத்தது குதிரை. ரயில் வந்த பிறகும் அது குறையவில்லை. ரயில் நிலையத்தில் இறங்கிய சரக்கைக் கடைக்கும் வீட்டுக்கும் கொண்டு சேர்க்கக் குதிரைதானே வேண்டும்? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தீவில் 30 லட்சத்துக்கும் மேல் குதிரைகள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். லாயத்தில் இரவு படுத்திருக்கும் ஆளுக்கு, பக்கத்துத் தடுப்பில் கேட்பது பசிக் குரலா, பயக் குரலா, குட்டியைத் தேடும் குரலா என்று எழுந்து போகாமலே தெரிந்தாக வேண்டும். அதைக் காலையில் இன்னொருவரிடம் சொல்ல வார்த்தை வேண்டும். அதனால் கணக்குத் தலைப்பு திறந்தார்கள்.

அதாவது, இந்த வார்த்தைகளை உண்டாக்கியது 'ஆங்கிலம்' இல்லை. லாயக்காரர்களும் வண்டிக்காரர்களும் ஏர் ஓட்டியவர்களும். இன்றைக்கு லண்டனில் பிறந்து வளர்ந்த ஒரு கல்லூரி மாணவியைக் கேட்டால் நே, வின்னி என்று சொல்லக்கூடும். நிக்கருக்கும் ப்ளோவுக்கும் முழிப்பாள் என்று நினைக்கிறேன். குதிரை வளர்ப்பவர்களிடம் மட்டும் அந்தத் தலைப்புகள் இன்னும் திறந்தே இருக்கின்றன.

நேரில் கேட்ட சத்தத்தைத் தாளில் பிடிக்க எழுத்தாளர்களும் முயன்றிருக்கிறார்கள். 1726இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' புத்தகத்தை நாமெல்லாம் சின்ன வயதில் குள்ளர் கதையாக மட்டும் படித்திருப்போம். அதன் நான்காம் பகுதியில் அறிவுள்ள குதிரைகள் ஆளும் ஒரு நாடு வரும். அந்தக் குதிரைகளுக்கு ஜொனாதன் ஸ்விஃப்ட் வைத்த பெயரை உச்சரிக்க முயன்றால் 'ஹூயின்ம்' என்று ஏதோ மூக்கால் வரும். வேண்டுமென்றே அப்படி வைத்தார். அந்தப் பெயரைச் சொல்வதே ஒரு வின்னி போடுவதுதான் :-)

*

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பி.காம். படித்தவர்கள் யாரும் மறக்க முடியாத ஒரு குதிரை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 17, மோசடி. அதில் வரும் எடுத்துக்காட்டுகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 'அ' என்பவர் நோயுள்ள குதிரை ஒன்றை ஏலத்தில் 'ஆ'வுக்கு விற்கிறார். குறை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது. சும்மா இருப்பது மட்டும் மோசடி இல்லை. ஆனால் 'ஆ' என்பவர் அவருடைய மகளாக, அப்போதுதான் வயதுக்கு வந்தவளாக இருந்தால், அந்த உறவே அவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தும். 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று 'ஆ' சொல்லி, 'அ' மௌனமாக இருந்தால் அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

இதை நான் மூன்று தேர்வுகளில் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் குதிரைக்கு என்ன குறை என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

குதிரைச் சத்தங்களைத் தேடும்போதுதான் 'ரோரர்' என்ற சொல் கண்ணில் பட்டது. சிங்கத்துக்குச் சொல்லும் அதே 'ரோர்'தான். குதிரை வியாபாரத்தில் அதற்கு வேறு பொருள். சில குதிரைகளுக்குத் தொண்டையில் குரல்வளையை விரித்துக் கொடுக்கும் தசை செயலிழந்துவிடும். பெரும்பாலும் இடது பக்கம். ஏனென்றால் இடது பக்கத்து நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அவ்வளவு நீளமான நரம்பு என்பதால் பழுதும் அதற்குத்தான் அதிகம். அந்தக் குதிரை நின்றால் ஒன்றும் தெரியாது. நடந்தாலும் தெரியாது. பாய்ந்து ஓடவிட்டால், மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் 'ர்ர்ர்' என்று இரைச்சல் கேட்கும். அது ரோரர்.

இந்தச் சத்தம் விற்பனையில் ஒரு 'குறை' ஆகுமா, ஆகாதா என்று 1810களில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் வழக்கே நடந்திருக்கிறது. கட்டாயம் குறை என்று சொல்ல முடியாது என்று ஒரு வழக்கிலும், குறைதான் என்று இன்னொன்றிலும் தீர்ப்பு வந்திருக்கிறது. ஒரு சத்தத்துக்காக!

யோசித்துப் பாருங்கள். ஏலத்தில் 'அ' பேச மாட்டார். சட்டமும் அவரைப் பேசச் சொல்லவில்லை. ஆனால் குதிரை பேசும். ஓடவிட்டுக் காது கொடுத்தால் போதும். அந்தச் சத்தத்தைத் தெரிந்த 'ஆ' ஏமாற மாட்டார். தெரியாத 'ஆ' பணத்தைக் கொடுத்துவிட்டு, பிரிவு 17ஐப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஆங்கிலத்தில் 'சவுண்ட்' என்றால் ஒலி. நோயில்லாத நல்ல குதிரைக்கும் 'சவுண்ட்' என்றுதான் பெயர். இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து தற்செயலாக ஒன்றுபோல ஒலிக்கும் சொற்கள். ஆனால் குதிரைச் சந்தையில் அந்தத் தற்செயல் ரொம்பப் பொருத்தம்.

*

சரி, இதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்த நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர்கள் கருவிகளோடு லாயத்துக்குள் போய்க் கண்டுபிடித்ததைப் பார்த்தால் அந்த வார்த்தைகளின் மதிப்பு இன்னும் தெரிகிறது.

2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குதிரையின் கண் முன்னால் அதன் கூட்டாளி ஒன்றை நடத்திக்கொண்டு போய் மறைவில் நிறுத்தினார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு வின்னியைப் போட்டார்கள். போனது ஒரு குதிரை, கேட்டது இன்னொரு கூட்டாளியின் குரல் என்றால், குதிரை சட்டென்று திரும்பி நெடுநேரம் பார்த்தது. 'இது அவன் குரல் இல்லையே!' என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. முகமும் குரலும் சேர்ந்து ஓர் ஆளாக அதன் மனதில் பதிந்திருக்கிறது.

2015இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வு, வின்னிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனிச் சுருதிகள் இருப்பதைக் காட்டியது. ஒன்று குதிரை எவ்வளவு கிளர்ச்சியடைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. மற்றது அந்த உணர்ச்சி நல்லதா, கெட்டதா என்பதைச் சொல்கிறது. கூட்டாளி பிரிந்து போகும்போது போடும் வின்னியும் திரும்பி வரும்போது போடும் வின்னியும் நமக்கு ஒன்றுதான். குதிரைக்கு வேறு.

2018இல் பிரான்சில் 48 குதிரைகளைக் கவனித்தவர்கள் ஸ்னார்ட் சத்தத்தை எண்ணினார்கள். மூக்கில் புழுதி போனால் சிந்துவதுதான் ஸ்னார்ட் என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் புல்வெளியில் நிம்மதியாக மேயும்போதுதான் ஸ்னார்ட் அதிகம் கேட்டது. அது திருப்தியின் அடையாளமாக இருக்கலாம் என்றார்கள். மிரட்சியில் வரும் ப்ளோவையும் நிம்மதியில் வரும் ஸ்னார்ட்டையும் 'மூக்கால் ஊதும்' என்று ஒரே தலைப்பில் போட்டிருந்தால், இந்த வித்தியாசத்தை எண்ணவே முடியாது. தலைப்பு தனியாக இருந்ததால்தான் கணக்கு தனியாக வந்தது.

*

இப்போது நம் 'கனைத்தல்'.

தமிழ்நாட்டுக்குக் குதிரை புதிதில்லை. ஆனால் பெரும்பாலும் கடல் வழியாக வந்த விலையுயர்ந்த சரக்கு. பட்டினப்பாலையே கப்பலில் வந்து இறங்கும் குதிரைகளைச் சொல்கிறது. அது அரசருக்கும் படைக்கும் உரியது. நம் ஊர் உழவர் ஏரில் பூட்டியது குதிரையை இல்லை, மாட்டை. அதனால் ஊர்ப் பேச்சில் குதிரைக்கு ஒரு தலைப்பு போதுமானதாக இருந்திருக்கிறது என்பது என் ஊகம்.

அந்த ஒரு வார்த்தையும் எவ்வளவு நல்ல வார்த்தை பாருங்கள். ஆங்கிலத்தில் வின்னி, லத்தீனில் 'ஹின்னிரே', இந்தியில் 'ஹின்ஹினானா'... இவையெல்லாம் அந்த உச்சக் குரலை மூக்கால் பாவனை செய்கின்றன. தமிழ் மட்டும் தொண்டையைப் பிடித்திருக்கிறது. தொண்டையைச் செருமுவதும் கனைப்புதான், குதிரை செய்வதும் கனைப்புதான். அப்படிப் பார்த்தால் கனைப்புக்கு நெருக்கமானது நே இல்லை, நிக்கர்!

இதற்குச் சாட்சி திருப்பாவையில் இருக்கிறது. அங்கே ஆண்டாள் கனைக்க வைப்பது குதிரையை இல்லை, கன்றை நினைத்து மடி சுரக்கும் எருமையை. தாய், குட்டியைக் கூப்பிடும் தாழ்ந்த தொண்டைக் குரல். வட இங்கிலாந்துக்காரர் அதே சந்தர்ப்பத்தில் நிக்கர் என்கிறார். பள்ளிக்கூடப் பட்டியல் 'குதிரை கனைக்கும்' என்று ஒரு கோடு போட்டு முடித்துவிட்டதால் எருமையின் கனைப்பு நமக்கு மறந்துபோனது.

*

இதுவரை படித்தவர்கள், 'எதற்கு இந்தப் பெண் குதிரைக்காக இவ்வளவு ஆதங்கப்படுகிறாள்' என்று நினைக்கலாம். உண்மையில் ஆதங்கம் குதிரைக்காக இல்லை.

இரண்டு வருடம் முன்பு பொங்கல் விடுமுறை முடிந்த சமயம். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அப்பாயி சித்தப்பா வீட்டில். ஒரு நாள் இரவு வீட்டையும் மாட்டையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பசு. அன்று ராத்திரி முழுக்கக் கத்தியது. பசி என்று நினைத்து வைக்கோல் அள்ளிப் போட்டேன். தண்ணீர் வைத்தேன். மறுபடியும் கத்தியது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பாயி வந்தது. மாட்டுக்கு முன்னால் கிடந்த வைக்கோலைப் பார்த்தது. அப்படியே இருந்தது.

"ராத்திரி கத்துச்சா பாப்பா?"

"ஆமா அப்பாயி, தூங்கவே விடல."

"எப்படிக் கத்துச்சு?"

"எப்படின்னா... மாடு மாதிரிதான்."

"பசிக்குக் கத்துச்சா, தண்ணிக்குக் கத்துச்சா, காளைக்குக் கத்துச்சா?"

நான் திருதிருவென்று முழித்தேன். மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது. ராத்திரியே தெரிந்திருந்தால் காலையில் கால்நடை மருந்தகத்தில் சொல்லிச் சினை ஊசி போட்டிருக்கலாம். சில மணி நேரம்தான் அந்த வாய்ப்பு. அது போனால் அடுத்தது 21 நாள் கழித்து. 21 நாள் தவிடும் புண்ணாக்கும் போட வேண்டும், கன்றும் 21 நாள் தள்ளி, பாலும் 21 நாள் தள்ளி. அடுத்த முறை போட்ட ஊசியும் நிற்கவில்லை. கோடையில் வைக்கோல் விலை ஏறியது. வைகாசியில் மாட்டை விற்றுவிட்டார்கள்.

என் காது கேட்காததால்தான் மாடு போனது என்று சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த ராத்திரி அது தெளிவாகத்தான் சொல்லியது. எனக்குத்தான் புரியவில்லை. 'பசு கதறும், எருது எக்காளமிடும்' என்று பட்டியலை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். அப்பாயி பள்ளிக்கூடமே போனதில்லை.

அப்பாயி திட்டவில்லை. "காது குடுத்துக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சாமி" என்று மட்டும் சொன்னது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

*

ஆகவே என் கருத்து இதுதான். விலங்குகளின் ஒலிகளை 'ஒரு விலங்கு, ஒரு சொல்' என்று மனப்பாடம் செய்ய வைப்பது தமிழ்ப் பாடத்திலும் சரி, ஆங்கிலப் பாடத்திலும் சரி, காதை வளர்ப்பதற்குப் பதில் மூடிவிடுகிறது. குதிரை என்றால் நே, கோடு போட்டுச் சேர்த்தாயிற்று, அடுத்த கேள்விக்குப் போ. 'எப்போது, எதற்காக அப்படிக் கத்தும்?' என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. உயிரோடு இருக்கும் ஒரு விலங்கு ஒரே மாதிரிதான் சத்தம் போடும் என்ற பொய்யைத்தான் நாம் கற்றுக்கொள்கிறோம்.

'சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை போதாதா? தேர்வு என்றால் ஒரே விடைதானே இருக்க முடியும்?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வார்த்தை போதும். கணக்கும் முதலில் ஒற்றைத் தலைப்பில்தான் தொடங்கும். ஆனால் பி.காம். மூன்றாம் ஆண்டிலும் அதே ஒற்றை வரியைக் கேட்டு, இன்னொரு சரியான விடைக்குக் கால் மதிப்பெண்ணைக் கழித்தால் எப்படி? குறைந்தபட்சம் நேவையும் வின்னியையும் ஒரே கேள்வியில் வைக்காமலாவது இருக்கலாம்.

அதைவிட முக்கியம் இன்னொன்று. பிரிட்டனில் குதிரை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நிக்கரும் ரோரரும் அகராதியில் ஏறிவிட்டன. யாரோ லாயத்துக்குப் போய்க் கேட்டு எழுதி வைத்தார்கள். அதனால் நான் இங்கே உட்கார்ந்து படிக்க முடிகிறது. நம் ஊரில் மாடு, ஆடு, எருமைச் சத்தங்களுக்கு அப்பாயி போன்றவர்களிடம் எத்தனை கணக்குத் தலைப்புகள் திறந்திருக்கின்றன? யார் கேட்டு எழுதப் போகிறார்கள்? மாட்டை விற்றுவிட்டால், அந்தக் கணக்கும் முடிந்து, பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு மூடிவிடுவார்கள்.

நான் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாயியைக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். இதுவரை மாட்டுக்கு மட்டும் ஏழு. பசிக்கு, தண்ணிக்கு, கன்றுக்கு, காளைக்கு, ஈற்று நோவுக்கு, பாம்பைக் கண்டால், கூட்டு மாட்டைப் பிரித்தால். 'இதுக்கெல்லாமா நோட்டு போடுவ?' என்று அப்பாயி சிரிக்கிறது. ஆனால் நான் எழுதாவிட்டால், 'இன்னொண்ணு இருக்கு பாரு' என்று அதுவே கூப்பிடுகிறது.

உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாயியோ அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். தேர்வில் கால் மதிப்பெண்கூடக் கிடைக்காது. ஆனாலும் கேளுங்கள்.

கொசுறு: ஆங்கிலத்தில் 'ஹோர்ஸ்' என்று சொன்னால் குதிரையும் வரும், தொண்டை கட்டிய கரகரப்பும் வரும். எழுத்துதான் வேறு. தமிழில் 'கனைப்பு' என்று சொன்னாலும் குதிரையும் வரும், தொண்டைச் செருமலும் வரும். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. அடுத்த மாதிரித் தேர்வில் இதை யாராவது கேட்டால் மட்டும் எனக்கு முழு மதிப்பெண் :-)